லாக் புக்கும் காலண்டர் தாளும்: விமானி ஒருவருக்கு நினைவு மலர் தயாரிக்கும் முறை

எங்கள் பெரியப்பா மறைந்த மறுநாள், கொழிஞ்சாம்பாறை பேருந்து நிலையத்தருகே இரண்டு ஃபிளெக்ஸ் பலகைகள் எழுந்தன. ஒன்றில் தமிழில் 'கண்ணீர் அஞ்சலி', மற்றொன்றில் மலையாளத்தில் 'ஆதராஞ்சலிகள்'. இரண்டிலும் அவருடைய முகத்துக்குப் பின்னால் ஒரு சுகோய் போர் விமானம் சீறிக்கொண்டிருந்தது. அவரோ விமானப்படையில் 20 ஆண்டுகள் சரக்கு விமானங்களையும், அதன்பின் 18 ஆண்டுகள் பயணிகள் விமானங்களையும் ஓட்டியவர். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்ப் பீப்பாய், காயம்பட்ட சிப்பாய், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் கொத்தனார் ஆகியோரையும் ஆகியவற்றையும் சுமந்த அந்த வாழ்க்கைக்கு சுகோய் பொருந்தவில்லை. நினைவு மலர் தயாரிக்க உட்காருபவர் முதலில் தம் மனத்திலிருந்து இறக்கி வைக்க வேண்டியது அந்தப் பலகையைத்தான்.

மலர் போடலாம் என்ற பேச்சு பெரும்பாலும் கருமாதிப் பந்தலிலேயே தொடங்கிவிடும். பதினாறாம் நாளுக்குள் முடித்துவிடலாம் என்று யாராவது ஒருவர் அச்சகத்துக்குப் போன் போடக் கிளம்புவார். அதற்கு உடன்படாதீர்கள். இரண்டு வாரத்தில் தயாராகும் மலரில் உறவினர் பெயர்ப் பட்டியலும் கவிதை இரண்டும் தவிர வேறெதுவும் இருக்காது. தலைத் திதிக்கு வெளியிடுவதாகச் சொல்லி ஓராண்டு அவகாசம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அந்த ஓராண்டில் கற்றுக்கொண்டவற்றை, சித்தூர் வட்டத்திலும் பாலக்காட்டின் பிற எல்லைப் பகுதிகளிலும் படைவீடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதி வைக்கிறேன்.

முறை ஒன்றே ஒன்றுதான். விமானியின் பறப்புக் கணக்குப் புத்தகமான லாக் புக்கை ஒரு பக்கமும், வீட்டில் சேர்ந்த காகிதங்களை மறுபக்கமும் வைத்து, தேதி தேதியாக ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடுகள்.

பெட்டியைத் திறக்கும்போது

படையில் இருந்தவர் வீட்டில் கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் மூடியில் வெள்ளை எழுத்தில் பெயரும் பதவியும் சேவை எண்ணும் எழுதப்பட்டிருக்கும். அந்த மூடியையே முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேவை எண் கிடைத்துவிட்டால் பாதிக் கதவுகள் திறந்த மாதிரி. அதிகாரிகள் பணியில் அமர்த்தப்பட்டதும், பதவி உயர்ந்ததும், விருது பெற்றதும் இந்திய அரசிதழில் வெளியானவை. எண்ணும் ஆண்டும் கையில் இருந்தால் அவற்றைத் தேடுவது எளிது. பதக்கங்களை எடுத்து முகப்பை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் எண்ணும் பதவியும் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பது தெரியும். பெரியப்பாவின் 9 ஆண்டு நெடுஞ்சேவைப் பதக்கத்தின் விளிம்பில் இருந்த பதவியைக் கொண்டுதான், அவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆவதற்கு முன்பே அது பொறிக்கப்பட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது.

குடும்ப ஓய்வூதியத்துக்காக மாவட்ட சைனிக் நல அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அலையும் நாட்களும் இவையே. அங்கே கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு காகிதத்தையும் இருபுறமும் நகலெடுத்துவிடுங்கள். போன காகிதம் திரும்பி வரும்வரை மலர் காத்திருக்காது.

ஒரு குழப்பத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் சித்தூருக்கும் ஆந்திராவின் சித்தூருக்கும் தமிழில் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் ஓரிரு எழுத்து வித்தியாசம். பெரியப்பாவின் காகிதம் ஒன்றில் ஏதோ ஓர் அலுவலகம் அவருடைய சொந்த ஊரை ஆந்திரப் பிரதேசத்துக்கு மாற்றி வைத்திருந்தது. அதை நம்பி, அவருடன் பணியாற்றிய ஒருவர் அவரிடம் 12 ஆண்டுகளாகத் தெலுங்கில் வணக்கம் சொல்லி வந்திருக்கிறார். பெரியப்பாவும் திருத்தாமல் பதில் வணக்கம் சொல்லியிருக்கிறார். மலரில் ஊர்ப் பெயரை எழுதும்போது மாவட்டத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

லாக் புக்கைப் படிப்பது

விமானியின் லாக் புக் என்பது அகலமான, கெட்டி அட்டை போட்ட கணக்குப் புத்தகம். ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி: தேதி, விமான வகை, விமானத்தின் எண், முதல் விமானி யார், உடனிருந்தவர் யார், என்ன வேலை, பகலில் எத்தனை மணி, இரவில் எத்தனை மணி. மாதக் கடைசியில் கூட்டுத்தொகை போட்டு மேலதிகாரி கையெழுத்திட்டிருப்பார். பெரியப்பாவின் புத்தகங்களில் இரவுப் பறப்பு சிவப்பு மையில் இருந்தது; பக்கத்தைத் திருப்பும்போதே எந்த மாதம் அவர் தூங்கவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். புத்தகத்தை ஸ்கேனரில் அழுத்தி முதுகை உடைக்காதீர்கள். ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், செல்போனை மேலிருந்து நேராகப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டையும் பக்க எண்ணையும் பெயராகக் கொடுத்தால் போதும்.

முதல் பக்கங்களில் பயிற்சி விமானங்கள் வரும். 1970-களில் சேர்ந்தவர் என்றால் பெங்களூரில் தயாரான எச்.டி-2, அதன்பின் கிரண், சரக்கு விமானப் பிரிவுக்குப் போனவர் என்றால் எலஹங்காவில் டகோட்டா என்ற வரிசையை எதிர்பார்க்கலாம். தனியாகப் பறந்த முதல் நாளின் வரி அங்கேதான் இருக்கும். உடன் விமானி என்ற கட்டத்தில் யார் பெயரும் இல்லாமல், பறந்த நேரம் கால் மணியோ அரை மணியோ மட்டும் எழுதியிருக்கும். அந்த ஒரு வரியை முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கி அச்சிடலாம். 1984-இலிருந்து ஏ.என்-32 சரக்கு விமானம் வரும், அதற்கு முன்பும் பின்பும் மலைகளுக்கு அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் வீசிய வேலை வரும்.

ஊர்ப் பெயர்களை அன்று எழுதியபடியே வைத்திருங்கள். பம்பாய் 1995-லும் மெட்ராஸ் 1996-லும் கல்கத்தா 2001-லும் மாறின. அதற்கு முந்தைய வரியில் மும்பை என்று திருத்துவது அவர் கையெழுத்தைத் திருத்துவதற்குச் சமம். ஆனால் ஊரே இடம் மாறிய இடத்தில் விளக்கம் தேவை. நெடும்பாசேரி விமான நிலையம் திறந்தது 1999-இல். அதற்கு முந்தைய வரிகளில் கொச்சி என்றிருந்தால், அது வில்லிங்டன் தீவிலிருந்த கடற்படை விமானத்தளம். பயணிகள் விமானப் பகுதிக்கு வந்துவிட்டால் ஊர்ப் பெயர்கள் போய், நான்கெழுத்துக் குறியீடுகள் வந்துவிடும்: கோயம்புத்தூர் வி.ஓ.சி.பி., கோழிக்கோடு வி.ஓ.சி.எல்., லடாக்கிலுள்ள லே வி.ஐ.எல்.எச். இவற்றுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு அகராதி போட்டுவிட்டால் பேரப்பிள்ளைகள் அதை விளையாட்டாகவே படிப்பார்கள்.

நேரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பயணிகள் விமான வரிகள் உலகப் பொது நேரத்தில், அதாவது யு.டி.சி.-யில் இருக்கும், நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 3-ஆம் தேதி 23.10-க்குப் புறப்பட்டதாக எழுதியிருந்தால், கோழிக்கோட்டில் அப்போது 4-ஆம் தேதி விடியற்காலை 4.40. இதைக் கவனிக்காமல், பேத்திக்கு மொட்டை போட்ட நாளில் பெரியப்பா வளைகுடாவில் இருந்தார் என்று நான் எழுதிவிட்டேன். பெரியம்மா கையெழுத்துப் படியைக் கேட்டுவிட்டு, "கண்ணு, மடியில புள்ளய உக்கார வெச்சுட்டு இருந்தது அவங்கதானே, அப்ப அது யாரு?" என்றார். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்ததும் பெரியம்மா சொன்னதே சரியாக வந்தது. இன்னொன்று: சக்கரம் நகரத் தொடங்கிய கணத்திலிருந்து விமானம் நிற்கும்வரை எண்ணுவது பயணிகள் விமானக் கணக்கு; படைக் கணக்கு வேறு. ஆகவே படைக்கால மணிகளையும் அதன் பிந்தைய மணிகளையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும்போது 'சுமார்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவுக்கு சுமார் 11,000 மணி வந்தது. நாளாக்கினால் ஓராண்டும் மூன்று மாதமும்.

வீட்டுக் காகிதங்கள்

லாக் புக் ஆண்பிள்ளைக் கணக்கு என்றும் வீட்டுக் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை என்றும் நினைத்திருந்தேன். தவறு. பெரியம்மா தினசரிக் காலண்டர் தாள்களைக் கிழித்ததும் எறியாமல், பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதி, ஆண்டு வாரியாகக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். பெரியப்பா விடுப்பில் வந்த நாட்களில் பால் அரை லிட்டர் கூடியிருந்தது. அந்த அரை லிட்டரை வைத்தே 1979 முதல் 1993 வரை அவர் வீட்டில் இருந்த நாட்களை ஏறத்தாழ முழுமையாகக் கண்டுபிடித்துவிட்டோம். உங்கள் வீட்டில் பால் கணக்கு இல்லையென்றால் மளிகைப் பற்று நோட்டு, கூட்டுறவுச் சங்க ரசீது, பள்ளிக் கட்டணச் சீட்டு ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும்.

மதிப்பெண் அட்டையைத் தேடுங்கள். பெற்றோர் கையெழுத்துக் கட்டத்தில் எந்தத் தேர்வுக்கு அம்மாவின் கையெழுத்து, எந்தத் தேர்வுக்கு அப்பாவின் கையெழுத்து என்று பாருங்கள். மூத்த அக்காவின் அட்டைகளில் அரைப் பரீட்சைக்கெல்லாம் பெரியம்மாவே கையெழுத்துப் போட்டிருக்க, நான்காம் வகுப்பில் மட்டும் மூன்று தேர்வுக்கும் பெரியப்பாவின் கையெழுத்து இருந்தது. லாக் புக்கில் இருக்கும் அதே நீலக்கருப்பு மை. அது அவர்கள் சண்டிகரில் ஒன்றாக இருந்த ஆண்டு. அந்த ஆண்டின் லாக் புக்கில் பெரும்பாலும் லே. கடல்மட்டத்துக்கு மேல் 10,500 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் லே ஓடுபாதையில் காற்று ஏற்கெனவே மெலிந்தது. வெயில் ஏறினால் இன்னும் மெலியும், பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்றும் எழும். அதனால் அங்கே காலையிலேயே போய்த் திரும்பிவிடுவது வழக்கம். இருட்டில் கிளம்பிய பெரியப்பா மத்தியானம் பள்ளி வாசலில் சைக்கிளோடு நின்றிருப்பார். "எங்க வகுப்புல மத்த பிள்ளைங்க அப்பாவைக் காலையில பார்ப்பாங்க, நான் மத்தியானம் பார்ப்பேன்" என்று அக்கா சொன்ன வாக்கியத்தை, லே வரிகள் நிறைந்த அந்தப் பக்கத்தின் படத்துக்குக் கீழே அப்படியே போட்டோம். வேறு விளக்கம் எழுதவில்லை.

கடிதங்களில் ஒரு சிக்கல் வரும். உறையின் மேல் '56 ஏ.பி.ஓ.' என்றோ '99 ஏ.பி.ஓ.' என்றோ முகவரி இருக்கும்; படைத் தபால் முகவரி என்பதே இடத்தை மறைப்பதற்கான ஏற்பாடு என்பதால் அதிலிருந்து ஊர் தெரியாது. உள்ளே தேதி இருந்தால், அதே வாரத்தின் லாக் புக் வரியைப் பார்த்து இடத்தை ஊகிக்கலாம். இன்லேண்டு கடிதத்தை மடிப்பில் மடித்து மடித்து ஒடிய விடாமல், விரித்து, அமிலமில்லாத வெள்ளைத் தாள்களுக்கு இடையில் வையுங்கள். செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

மூன்று பத்திக் கணக்கு

இப்போது நீளமான நோட்டு ஒன்றை எடுத்து மூன்று பத்தி பிரியுங்கள். முதலாவது தேதி, இரண்டாவது லாக் புக், மூன்றாவது வீடு. எல்லா நாட்களையும் எழுத வேண்டியதில்லை. பிறப்பு, இறப்பு, காதுகுத்து, வீடு குடிபுகுதல், பண்டிகை, நோய் ஆகிய நாட்களை மூன்றாம் பத்தியில் முதலில் எழுதிவிட்டு, அந்த நாளில் லாக் புக் என்ன சொல்கிறது என்று இரண்டாவது பத்தியை நிரப்புங்கள். மலரின் உயிர் இந்த நோட்டில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு வரிகளைச் சற்று விரிவாகக் காட்டுகிறேன்.

1987 ஜூன் 4. யாழ்ப்பாணத்துக்குப் படகில் அனுப்பிய நிவாரணப் பொருளை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பிய மறுநாள், இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்-32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு போய் உணவுப் பொருட்களை வானிலிருந்து வீசின. அந்த நடவடிக்கைக்குப் 'பூமாலை' என்று பெயர். பெரியப்பா ஏ.என்-32 விமானி, தமிழர் என்ற இரண்டையும் கூட்டி, 'யாழ்ப்பாணத்துக்குச் சோறு போட்டவர்' என்று எங்கள் ஊர் டீக்கடை முடிவு செய்துவிட்டது. அஞ்சலிக் கூட்டத்திலும் மூன்று பேர் அதைப் பேசினார்கள். லாக் புக்கைத் திறந்தால் மே 30 முதல் ஜூன் 19 வரை வரியே இல்லை. மூன்றாம் பத்தியில், ஜூன் 2-ஆம் தேதி பாலக்காட்டில் இளைய அக்கா பிறந்தது. ஆஸ்பத்திரி ரசீதில் 'உடனிருப்பவர்' என்ற இடத்தில் பெரியப்பாவின் கையெழுத்து. பெரியம்மாவிடம் கேட்டேன். "நான் போகலீங்கன்னு அவங்க ரெண்டு தடவ சொன்னாங்க. யாரு நம்பறாங்க? அப்புறம் விட்டுட்டாங்க" என்றார். மலரில் பூமாலையைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அந்த நாளில் அவர் குழந்தையின் தொட்டில் அருகே இருந்தார் என்பதையும் எழுதினோம். டீக்கடைக்கு வருத்தம்தான். ஆனால் லாக் புக்கில் வெறுமையாகக் கிடக்கும் நாட்களே அவர் வீட்டுக்குக் கொடுத்த நாட்கள் என்பது எனக்குப் புரிந்தது அந்த வரியில்தான். குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவர் என்று எழுதுவதற்குப் பதிலாக, ஆண்டுதோறும் அந்த வெற்று நாட்கள் எங்கே விழுந்தன என்று பாருங்கள். பெரியப்பாவுக்கு அவை பள்ளிக்கூட விடுமுறையிலும் கிணற்றில் தண்ணீர் வற்றும் பங்குனி, சித்திரையிலும் விழுந்திருந்தன.

1982-இல் ஒரு வரி இதற்கு நேர்மாறானது. மூன்றாம் பத்தியில் அவருடைய தாயார், எங்கள் அப்பத்தா, இறந்த நாள். இரண்டாம் பத்தியில், அதே நாளில், அருணாசல மலைகளுக்கு டகோட்டாவில் மூன்று முறை போய் அரிசி வீசிய கணக்கு. மறுநாளும் இரண்டு முறை. தந்தி அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு. கொள்ளி வைத்தது என் அப்பா. 'அம்மா சாவுக்கு வராதவன்' என்ற பேச்சு எங்கள் சொந்தத்தில் வெகுகாலம் இருந்தது. பெரியப்பாவும் அதற்குச் சமாதானம் சொன்னதில்லை. இப்படிப்பட்ட வரியை என்ன செய்வது என்று நீங்களும் தடுமாறுவீர்கள். விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அவர் பக்கம் நியாயம் பேசி அரைப் பக்கம் எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் இரண்டு வரிகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டு, கீழே தந்தியின் படத்தை வைத்தோம். மலரை வாங்கிய என் அப்பா அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது வேலை

படையிலிருந்து பயணிகள் விமானத்துக்குப் போனதை நினைவு மலர்கள் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. அதைத் தவிருங்கள், அங்கேதான் ஒரு மனிதர் மறுபடி மாணவராகிறார். அதிகாரிகளுக்கு 20 ஆண்டு பணி முடிந்தால் ஓய்வூதியம் உண்டு. 1994-இல் விமானப் போக்குவரத்தில் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே இருந்த உரிமைச் சட்டம் நீக்கப்பட்டு, தனியார் நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. விமானிகளுக்குத் தேவை கூடியது. பிள்ளைகள் பெரிய வகுப்புக்கு வந்து, ஆண்டுக்கொரு பள்ளி மாறுவது முடியாமல் போன நேரமும் அதுவே. பெரியப்பா விங் கமாண்டராக விலகினார்.

பதவிப் பெயர்களில் தவறு நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். விமானப்படையில் 'கேப்டன்' என்று தனியாக ஒரு பதவி இல்லை. குரூப் கேப்டன் உண்டு, அவருக்குத் தோளில் நான்கு பட்டை. பயணிகள் விமானத்தின் தலைமை விமானிதான் கேப்டன், அவருக்கும் நான்கு பட்டை. புகைப்படத்தில் பட்டையை மட்டும் எண்ணிப் பதவி எழுதினால் ஆள் மாறிவிடும்; எந்தச் சீருடை என்று பார்க்க வேண்டும். மூன்று பட்டை விங் கமாண்டராக விலகியவர், 42 வயதில், தம்மைவிடப் பல வயது இளைய கேப்டனுக்கு வலப்பக்கத்தில் துணை விமானியாக உட்கார்ந்தார். ஏர்பஸ் ஏ-320-இல் பழைய சக்கரப் பிடி கிடையாது. பக்கவாட்டில் சிறு பிடி ஒன்றுதான். இடப்பக்க இருக்கையில் அதை இடக்கையால் பிடிக்க வேண்டும், வலப்பக்க இருக்கையில் வலக்கையால். அத்தனை ஆண்டுகள் இடக்கையில் பிடியும் வலக்கையில் எஞ்சின் நெம்புகோலுமாகப் பழகியவருக்குக் கைகள் மாறின. கேப்டனாக இடப்பக்கம் வந்தபோது மறுபடியும் மாறின. அந்த மாதங்களில் ஈசிச்சேரின் கைப்பிடியில் அரிசிக் கரண்டியைச் செருகி வைத்துக்கொண்டு அசைத்துக்கொண்டே இருப்பாராம். கரண்டியின் காம்பு வளைந்துவிட்டது. அது இன்னமும் பெரியம்மாவின் அடுக்களையில் இருக்கிறது. மலரில் அதன் படமும் உண்டு.

இன்னொரு விஷயம், எங்கள் பக்கத்துக்கே உரியது. சித்தூர் வட்டம் கள்ளுக்குப் பேர்போனது. கல்யாண வீட்டில் சொந்தத் தோப்புக் கள்ளைத் தொடாதவர் மேல் சொந்தக்காரர்களுக்கு மனத்தாங்கல் வரும். 'பெரிய வேலைக்குப் போனதும் நம்ம கள்ளு இறங்காது' என்று பெரியப்பாவைப் பற்றிச் சொன்னவர்கள் உண்டு. பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே விமானப் பணியாளர் மது அருந்தக் கூடாது என்பது நம் நாட்டு விதி. கல்யாணங்கள் நடந்த தேதிகளை மூன்றாம் பத்தியில் எழுதிப் பார்த்தபோது, ஐந்தில் நான்குக்கு மறுநாள் விடியலில் ஒரு பறப்பு இருந்தது. ஐந்தாவதற்கு இல்லை, அன்று குடித்தாரா என்று யாருக்கும் நினைவில்லை.

கேட்பதும் எழுதுவதும்

உடன் பணியாற்றியவர்களை அழைக்கும்போது 'அவர் எப்படிப்பட்டவர்' என்று கேட்காதீர்கள். 'நல்ல மனிதர், ஒழுக்கமானவர்' என்ற பதில் எங்கும் தயாராக இருக்கிறது. லாக் புக்கில் அவர்கள் பெயர் வரும் ஒரு வரியைப் படித்துக் காட்டி, அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். பேச்சு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும்; பதிவு செய்துகொண்டு பிறகு தமிழாக்குங்கள். படை நடவடிக்கைகளின் உள் விவரங்கள், தளங்களின் உட்புறப் படங்கள் ஆகியவற்றை அச்சிடும் முன் அவருடன் பணியாற்றிய மூத்த அதிகாரி ஒருவரிடம் காட்டிவிடுங்கள். 1923-ஆம் ஆண்டின் அரசாங்க ரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.

எழுதி முடித்ததும் பண்புச் சொற்களை எண்ணுங்கள். அன்பு, பாசம், தியாகம், பெருமை என்று வரும் இடத்திலெல்லாம் பக்கத்தில் ஒரு தேதியோ ஒரு பொருளோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லை அடியுங்கள். எங்கள் முதல் வரைவில் 'தியாகம்' ஒன்பது முறை வந்திருந்தது; அச்சில் ஒரு முறைகூட இல்லை.

அச்சு வேலை சுலபமானது. டெம்மி அளவில் 48 பக்கம், அதாவது மூன்று ஃபாரம் போதும். தமிழில் மெய்ப்புப் பார்க்க ஆள் இருக்கும் அச்சகம் வேண்டுமென்றால் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போவதே நல்லது. யூனிகோடில் தட்டச்சு செய்ததை அச்சகத்தின் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது எழுத்துகள் உடையும். மாற்றிய பிறகு ஒருமுறை முழுதும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேரப்பிள்ளைகளில் சிலர் மலையாளப் பள்ளியில் படித்துத் தமிழ் எழுத்து அறியாதவர்களாக இருப்பார்கள். புத்தகம் முழுவதையும் இரு மொழியில் போட்டால் தடித்துவிடும். படக்குறிப்புகளை மட்டும் இரண்டு எழுத்திலும் போட்டோம்.

கடைசியாக ஒன்று. 20 படிகளைத் தைக்காமல் தனித் தாள்களாக வாங்கி வையுங்கள். மலர் வெளியான மறுவாரம் ஒரு பழைய கூட்டாளி போன் செய்து, 17-ஆம் பக்கப் படத்தில் இருப்பது ஜோர்ஹாட் இல்லை, தேஜ்பூர் என்பார்; அக்கரை வீட்டுச் சித்தி, தன்னிடம் ஒரு கட்டுக் கடிதம் இருப்பதை அப்போதுதான் சொல்வார். எங்களுக்கு இரண்டும் நடந்தன. சித்தியின் கட்டில் 31 இன்லேண்டுகள். நோட்டின் மூன்றாம் பத்தியில் 1976-ஐ மறுபடியும் திறந்திருக்கிறேன்.